குடு நிற்கும்வரை மாத்திரை காத்திருக்குமா?

மட்டக்குளியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது: "அக்கா, அண்ணாவை முதல்ல கந்தகாட்டுப் புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்பிக் குடுவை நிப்பாட்டவா, இல்லாட்டி இப்பவே கிளினிக் மாத்திரையைப் போட வைக்கவா? ரெண்டும் சேர்ந்து நடக்காதாம், வீட்டில சொல்றாங்க."

அண்ணாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமி வேலை. தினமும் குடு (ஹெரோயின்) இழுக்கிறார். கையில் காசு புரளும் வாரத்தில் ஐஸும் (மெத்தம்பெட்டமின்) சேரும். எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. முப்பது மாத்திரைக் குப்பியைக் கொண்டுவந்து நாற்பதாம் நாள் எண்ணிப் பார்த்தால் உள்ளே பத்தொன்பது மிச்சம். (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இதே கேள்வியை வேறு வேறு சொற்களில் பலர் கேட்டுவிட்டார்கள். மாத்திரையை வீட்டில் யார் பொறுப்பெடுப்பது, புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்பினால் மாத்திரை என்ன ஆகும், வெளிநாட்டில் ஊசி இருக்கிறதாமே என்றெல்லாம். அதனால் தெரிவுகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம் என்று நினைத்தேன். நான் டொக்டர் இல்லை. கிளினிக் வாங்கில் பலரோடு உட்கார்ந்து காத்திருந்தவள், அவ்வளவுதான். மருந்தை மாற்றுவது, கூட்டுவது எல்லாம் டொக்டரிடம் கேட்டுச் செய்யவேண்டியவை.

தெரிவுகளுக்குப் போகுமுன் அந்தப் பத்தொன்பது மாத்திரைக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

## மறதி இல்லை, பயம்

மாத்திரையை அண்ணா மறக்கவில்லை. குடு இழுத்த நாளில் வேண்டுமென்றே விட்டிருக்கிறார். "அடிச்ச நாள்ல அதையும் போட்டா ஈரல் கருகிடும்" என்று கூட வேலை செய்யும் ஒருவர் சொன்னாராம். தினமும் அடிக்கிறவருக்கு இந்தக் கணக்கில் மாத்திரை போடும் நாளே மிஞ்சாது. பதினொரு மாத்திரையாவது உள்ளே போனதே பெரிய விஷயம்.

மாத்திரை தவறுவதற்கு மறதியைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். நான் கேட்டவரைக்கும், "இரண்டையும் கலக்கக்கூடாது" என்ற பயம் மறதிக்குச் சளைத்ததில்லை. அதனால் இதைத் தெளிவாகவே சொல்கிறேன். இப்போது முதல் வரிசையில் கொடுக்கும் மாத்திரை டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது, நாளுக்கு ஒன்று. குடுவோ ஐஸோ கஞ்சாவோ எடுத்த நாளில் இதை நிறுத்திவைக்க எந்தக் காரணமும் இல்லை. நிறுத்தினால்தான் கேடு. வைரஸ் மறுபடி பெருகும். ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸும் இருப்பவருக்கு இன்னும் மோசம். டெனோஃபோவிரும் லாமிவுடினும் அதையும் அடக்கி வைத்திருக்கின்றன. திடீரென்று விட்டால் ஈரல் வீக்கம் பொங்கி எழலாம். ஈரலைக் காப்பாற்றுவதாக நினைத்து மாத்திரையை விடுகிறவர் அந்த ஈரலுக்கே வினை வைக்கிறார்.

கவனிக்க வேண்டிய சேர்க்கைகள் வேறு. ரிட்டோனாவிர் சேர்ந்த இரண்டாம் வரிசை மருந்துகள் ஐஸின் அளவை உடம்பில் ஏற்றிவிடலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால் டோலுடெக்ராவிரை நாளுக்கு இரண்டு முறை எடுக்க வேண்டிவரும். அமிலத்தை முறிக்கும் நெஞ்செரிச்சல் மருந்து (அன்டாசிட்), இரும்புச்சத்து மாத்திரை இரண்டும் டோலுடெக்ராவிரை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும். மாத்திரையை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ எடுப்பது நல்லது. அதனால் டொக்டரிடம் "குடு எடுக்கிறேன்" என்று ஒளிக்காமல் சொல்வதில் லாபம்தான்.

## எதை வைத்து அளப்பது

ஒரு ஏற்பாடு நல்லதா கெட்டதா என்று நான் பார்க்கும் முதல் அளவுகோல், அது கெட்ட வாரத்தில் தாக்குப்பிடிக்குமா என்பது. நல்ல வாரத்தில் எல்லா ஏற்பாடும் ஓடும். கடன்காரன் தேடும் வாரம், வீட்டில் சண்டை வந்து வெளியே படுக்கும் வாரம், மூன்று நாள் தூங்காத வாரம், இவற்றில் மாத்திரை வாய்க்குப் போகிறதா? அதைப் பாருங்கள்.

இரண்டாவது, விஷயம் எத்தனை காதுக்குப் போகிறது. கொழும்புத் தோட்டக் குடியிருப்பில் ஒரு சுவருக்கு இந்தப்பக்கம் தும்மினால் அந்தப்பக்கம் கேட்கும். "குடுகாரன்" என்ற பெயரோடு இன்னொரு பெயரும் சேர்ந்தால் தங்கச்சியின் கல்யாணம்வரை போகும் என்று வீடு பயப்படுகிறது. அந்தப் பயத்தைச் சின்னதாக்கிப் பேச எனக்கு மனமில்லை.

மூன்றாவது, எந்தப் போதை. இதை ஒருவரும் கேட்பதில்லை, ஆனால் பாதி விடை இதில்தான் இருக்கிறது. குடு எடுப்பவருக்குக் காலை எழுந்ததும் உடம்பு உளைச்சல், மூக்கொழுகல், வயிற்றோட்டம். ஒரு இழுப்பு இல்லாமல் கிளினிக் வரிசையில் அவரால் நிற்க முடியாது. ஐஸ் எடுப்பவருக்கு இரவும் பகலும் குழம்பிப்போகும். "படுக்கப் போகும்போது ஒன்று" என்றால் அவர் மூன்று நாளாகப் படுக்கவே இல்லை. ஒருவருக்குப் பொருந்துவது மற்றவருக்குப் பொருந்தாது.

பிறகு காசு. எச்.ஐ.வி. மாத்திரை அரச கிளினிக்குகளில் இலவசம். போகும் நாளின் கூலி போவது இலவசமில்லை. கடைசியாக ஒன்று: ஏற்பாடு திடீரென்று அறுந்தால், அதாவது பொலிஸ் பிடித்தால், அம்மா நோயில் படுத்தால், நிலையத்திலிருந்து வெளியே வந்தால், அடுத்த நாள் மாத்திரைக்கு என்ன வழி?

அவசரமாக இருப்பவர்களுக்கு ஒரு அட்டவணை. விளக்கம் கீழே.

| தெரிவு | கெட்ட வாரத்தில் | இரகசியம் | கண்ணில் படாத செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| முதலில் புனர்வாழ்வு | உள்ளே இருக்கும்வரை சரி | நிலையத்தில் தெரியவரும் | வெளியே வந்த முதல் வாரங்களின் ஆபத்து | தானாகவே விரும்பிப் போகிறவர் |
| வீட்டில் ஒருவர் கையால் | சண்டை வந்தால் அறுந்துவிடும் | வீட்டுக்குத் தெரிய வேண்டும் | உறவு | அம்மா, மனைவியோடு ஒத்துப்போகிறவர் |
| கூட நடக்கும் ஆள் | தாக்குப்பிடிக்கும் | ஒருவருக்கு மட்டும் | அந்த ஆள் களைத்துப்போவது | வீட்டோடு ஒட்டாதவர், மாத்திரையை விட்டுவிட்டவர் |
| குடுவுக்கு மாற்று மருந்து | நன்றாகத் தாங்கும் | நடுத்தரம் | தினசரி நடை | குடு மட்டும் எடுப்பவர் |
| நீண்டநாள் ஊசி | ஊசி நாள் தவறாவிட்டால் தாங்கும் | மிக நல்லது | தவறினால் மருந்து எதிர்ப்பு | ஹெபடைட்டிஸ் பி இல்லாதவர் |

## முதலில் புனர்வாழ்வு, அப்புறம் மாத்திரை

வீட்டுக்காரர் முதலில் சொல்வது இதைத்தான். "ஆள் சுத்தமாகட்டும், பிறகு மருந்து." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எச்.ஐ.வி. அப்படிக் காத்திருக்கிற நோய் இல்லை. எச்.ஐ.வி. உள்ள எல்லோருக்கும், நோய் எந்த நிலையில் இருந்தாலும், மருந்தைத் தொடங்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் 2015இலிருந்து சொல்லிவரும் வழி. போதையை விட்டுவிட்டு வா என்ற நிபந்தனை அதில் இல்லை.

புனர்வாழ்வு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. தானாக விரும்பிப் போவது ஒன்று. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்குத் தலங்கமவில் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையம் இருக்கிறது. 1927க்கு அழைத்தால் ஆலோசனை சொல்வார்கள். தங்கத் தேவையில்லை, பேசினால் போதும் என்பவர்களுக்கு சுமித்ரயோவின் மெல் மெதுர கொழும்பிலேயே இருக்கிறது. மற்றது, நீதிமன்றம் வழியாகக் கட்டாயமாக அனுப்புவது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. கந்தகாடு என்றால் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது இந்த இரண்டாவதுதான். பொலன்னறுவை மாவட்டம், வீட்டார் போய்ப் பார்த்துவர ஒரு முழு நாள் போகும். 2022 ஜூன் கடைசியில் அங்கே ஒருவர் இறந்ததும், நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடியதும் பத்திரிகைகளில் வந்தன. ஒரு தங்கச்சி தன் அண்ணாவை அங்கே அனுப்பவா என்று கேட்டால், என் வாயில் "அனுப்பு" என்ற சொல் வராது.

விரும்பிப் போகும் நிலையத்துக்கு நல்ல பக்கம் உண்டு. மூன்று வேளைச் சாப்பாடு, தூக்கம், ஒழுங்கான நேரம் கிடைக்கிறது. மாத்திரையும் அந்த ஒழுங்கோடு ஓடிவிடும். ஆனால் அனுப்புமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: மாத்திரை யார் கையில் இருக்கும், தீர்ந்தால் யார் எடுத்துவருவார்? இதைக் கேட்காமல் அனுப்பிவிட்டு, பையில் இருந்த குப்பியை வாசலில் வாங்கி வைத்தார்கள், பிறகு யாரும் தரவில்லை என்று அழுத ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. பிழை அந்த இடத்தில் மட்டும் இல்லை. கிளினிக்கிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போகச் சொல்லி எங்களில் ஒருவரும் சொல்லவில்லை.

மறைந்திருக்கும் பெரிய செலவு வெளியே வந்த பிறகுதான் வரும். சில மாதம் குடு இல்லாத உடம்புக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி போய்விடும். பழைய நண்பனைச் சந்தித்துப் பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் உயிருக்கு அதிக ஆபத்து என்பது உலகம் முழுக்கக் கண்ட விஷயம். எச்.ஐ.வி.க்குப் பயந்து அனுப்பியவரை அளவு மீறிய ஒரு இழுப்பில் இழக்க யாரும் விரும்பமாட்டார்கள்.

இந்தத் தெரிவு பொருந்துவது: ஆளே "எனக்குப் போதும், கொண்டுபோய் விடுங்க" என்று கேட்கும்போது. அதுவும் மாத்திரையும் கூடவே போகும் என்ற நிச்சயத்தோடு.

## வீட்டில் ஒருவர் கையால்

இரண்டாவது, தினமும் ஒருவர் கையால் கொடுத்து, விழுங்குவதைப் பார்ப்பது. காசநோய்க்கு இப்படித்தான் பழகியிருக்கிறோம் என்பதால் வீட்டாருக்கு இது உடனே விளங்கும்.

இதில் நான் பார்த்த மிக நல்ல ஏற்பாடு கொட்டாஞ்சேனையில் ஒரு அம்மா செய்தது. குப்பியை அசைத்தால் கலகலவென்று சத்தம் வரும், பக்கத்து வீட்டுப் பிள்ளை "ஆன்ட்டி, அது என்ன டொஃபியா?" என்று கேட்டுவிட்டது. அம்மா உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்து அடைத்தார். ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தை மட்டும் எறியாமல் உள்ளேயே விட்டார். அது இருக்கத்தான் வேண்டும். குப்பி அரிசி வாளிக்குப் பின்னால். காலை ப்ளேன்டீயோடு மகனுக்கு ஒன்று. பேச்சே கிடையாது. "குடிச்சியா?" என்றுகூடக் கேட்பதில்லை. அந்த மௌனம்தான் ஏற்பாட்டைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

காலை நேரத்தைத் தேர்ந்ததும் புத்தி. டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். காலையில் போட்டால் அந்தத் தொல்லை குறையும். இரவில் வீட்டுக்கு வராத மகனும் காலைத் தேத்தண்ணிக்கு வந்துவிடுவான்.

இதே ஏற்பாடு இன்னொரு வீட்டில் நாசமாகியதையும் பார்த்திருக்கிறேன். அங்கே மாத்திரை பணயப்பொருள் ஆகிவிட்டது. "ஐந்நூறு தந்தாத்தான் போடுவேன்" என்று மகன். "குடுவை விட்டாத்தான் காசு" என்று அம்மா. இரண்டு கிழமையில் மாத்திரையைப் பற்றிய பேச்சே நின்றது, காசைப் பற்றிய சண்டை மட்டும் மிஞ்சியது. அம்மாவைப் பொலிஸாக்கினால் அம்மாவையும் இழப்போம், மாத்திரையையும் இழப்போம்.

ஆய்வுகளும் இங்கே கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுகின்றன. பார்த்து விழுங்கவைப்பதும் தானாக எடுப்பதும் பொதுவாக ஒரே பலனைத்தான் தருகின்றன என்று 2009இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. போதை எடுப்பவர்களிடம் செய்தபோது நடக்கும் காலத்தில் நன்மை தெரிந்தது. நிறுத்தி ஆறு மாதத்தில் அந்த நன்மை கரைந்துவிட்டது. அப்படியென்றால் இதைக் காலத்துக்கும் பிடிக்கும் கைத்தடி என்று நினைக்காமல், முதல் சில மாதத்தைக் கடக்கும் பாலம் என்று வைத்துக்கொள்ளலாம். பாலம் முடியும்போது என்ன என்பதை ஆரம்பத்திலேயே பேசி வையுங்கள்.

## கூட நடக்கும் ஆள்

எனக்கு இதில்தான் அதிக நம்பிக்கை, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எச்.பி.டி.என். 074 என்ற ஆய்வு இந்தோனேசியா, உக்ரைன், வியட்நாம் மூன்று நாட்டிலும் ஊசி வழி போதை எடுக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் நடந்தது, முடிவு 2018இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றவர்களுக்கு வழிகாட்டும் ஒரு ஆளும், மனம்விட்டுப் பேசும் சில அமர்வுகளும் கூடுதல். ஓர் ஆண்டு முடிவில் இரண்டாவது கூட்டத்தில் 72 சதவீதம் பேர் மாத்திரையில் இருந்தார்கள்; மற்றதில் 43. வைரஸ் அடங்கியவர்கள் 41 சதவீதம்; மற்றதில் 24. இறப்பு கிட்டத்தட்டப் பாதி. புது மருந்து ஒன்றும் இல்லை. போன் பண்ணியது, கூடப் போனது, எந்தக் கவுண்டர் என்று காட்டியது, அவ்வளவே.

நம் ஊரில் கொஞ்சம் வேறுபாடு உண்டு. இங்கே குடுவைப் பெரும்பாலும் தாளில் சூடாக்கிப் புகையாக இழுக்கிறார்கள், ஊசி குறைவு. எச்.ஐ.வி.யும் இலங்கையில் பெரும்பாலும் உடலுறவு வழியாகத்தான் பரவுகிறது. ஆனால் கிளினிக் வாசலில் திரும்பிப்போகிற மனநிலைக்கு ஊசியா புகையா என்ற பேதமில்லை.

மருதானைப் பக்கம், டி சேரம் பிளேஸில் இருக்கும் தேசிய பாலியல் நோய், எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மத்திய கிளினிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இலவசம், இரகசியம், ஆளைப் பேரைச் சொல்லிக் கத்திக் கூப்பிடாமல் இலக்கத்தில் கூப்பிடும் பழக்கம், எல்லாம் இருக்கிறது. ஆனாலும் முதல் தடவை போகும் தமிழ்ப் பையனுக்கு உள்ளே காதில் விழுவது அதிகம் சிங்களம். எந்த அறை, எந்தத் துண்டு, இரத்தம் எங்கே எடுப்பது என்று கேட்கவே நாக்கு எழாது. மாத்திரை தவறவிட்டதற்குத் தாதி மிஸ் ஏசுவார் என்ற பயம் வேறு. இந்த இடத்தில் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் ஆள் எழுந்து போகமாட்டார். அங்கொடையில் தொற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகச் சொன்னால் இன்னொரு சிக்கல். கொவிட் காலத்தில் ஐ.டி.எச். என்று ஊரே அறிந்த இடம்தான், ஆனால் மனநல வைத்தியசாலைக்கும் பேர்போன ஊர் என்பதால் "அங்கொடைக்குப் போறேன்" என்றால் நம் ஆட்கள் இன்றைக்கும் தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுழற்றிச் சிரிப்பார்கள்.

யார் அந்த ஆள்? எச்.ஐ.வி. உடன் வாழ்கிறவர்களே நடத்தும் லங்கா பிளஸ் போன்ற அமைப்புகளில் கேட்கலாம். கிளினிக்கிலேயே வராதவர்களைத் தேடிப்போகும் பொதுச் சுகாதார பரிசோதகர்களும் (பி.எச்.ஐ.) தாதிமாரும் இருக்கிறார்கள். பி.எச்.ஐ. வீட்டு வாசலுக்கு வந்தால் ஊர் கூடுமே என்று ஒரு மனைவி பயந்தார். "டெங்கு பார்க்க வந்தவர் என்று சொல்லுங்க, பூச்சாடியைக் கவிழ்த்து வைங்க" என்றேன். சிரித்துவிட்டார், பிறகு அப்படியே செய்தாராம். இவர்கள் யாரும் வேண்டாம் என்றால் ஒரு மச்சானோ பழைய பள்ளிக்கூடக் கூட்டாளியோ போதும். தகுதி இரண்டுதான்: வாயை மூடத் தெரிய வேண்டும், ஏசாமல் இருக்கத் தெரிய வேண்டும்.

மறைந்த செலவு, அந்த ஆள் களைத்துப்போவது. இரவு இரண்டு மணிக்குக் கடன் கேட்டு போன் வரும். ஆரம்பத்திலேயே எல்லை போடுங்கள்: கிளினிக் நாளுக்கு வருவேன், மாத்திரைக்கு ஞாபகப்படுத்துவேன், காசு தரமாட்டேன். பஸ் காசை மட்டும் கூட ஏறி நானே கொடுப்பேன். காசு கொடுத்து மாத்திரைப் பழக்கத்தை வளர்க்க அமெரிக்காவில் பெரிய முயற்சி ஒன்று நடந்தது. வைத்தியசாலையில் படுத்திருந்த 801 பேரைச் சேர்த்தார்கள். வழிகாட்டும் ஆளோடு காசும் கொடுத்தபோது ஆறாம் மாதத்தில் பலன் தெரிந்தது. பன்னிரண்டாம் மாதத்தில், காசு நின்ற பிறகு, வித்தியாசம் மறைந்தது. அந்த ஆய்வில் வழிகாட்டும் ஆள் மட்டும் இருந்த கூட்டத்திலும் வருட முடிவில் பெரிய மாற்றமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் நம்பிக்கைக்கு அது ஒரு சின்ன அடிதான். ஆறு மாதத்தில் கைவிடாமல் இருப்பதுதான் விஷயமோ என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

## குடுவுக்கு மாற்று மருந்து

மெதடோன், புப்ரெனோர்பின் இரண்டும் 2005இலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. தினமும் அளவாகக் கொடுத்தால் காலை உளைச்சல் வராது. குடு தேடி ஓடும் நாள் குறையும். மனம் மாத்திரைக்கு இடம் கொடுக்கும். 2016இல் வந்த தொகுப்பாய்வில், இந்த மருந்தில் இருப்பவர்கள் எச்.ஐ.வி. மாத்திரையை ஒழுங்காக எடுக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. வைரஸ் அடங்கும் வாய்ப்பு 45 சதவீதம் கூட. பேப்பரில் பார்த்தால் எல்லாவற்றிலும் பலமான தெரிவு இதுதான்.

ஆனால் கொழும்பில் குடுவை நிறுத்த வருபவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது குறுகியகாலச் சிகிச்சை, ஆலோசனை, தங்கும் நிலையம். வருடக்கணக்கில் மாற்று மருந்து எடுப்பதைப் பற்றி மனநல டொக்டரிடம்தான் கேட்க வேண்டும்; 1926 தேசிய மனநல உதவி இலக்கம், அங்கே வழி கேட்கலாம். கிடைத்தால் எச்.ஐ.வி. டொக்டருக்குக் கட்டாயம் சொல்லுங்கள். எஃபாவிரென்ஸ் போன்ற பழைய மருந்துகள் மெதடோனின் அளவை இறக்கிவிடும், ஆள் திடீரென்று உளைச்சலில் துடிப்பார், "எச்.ஐ.வி. மாத்திரைதான் காரணம்" என்று அதை எறிவார். டோலுடெக்ராவிரில் இந்தப் பிரச்சினை இல்லை.

ஐஸுக்கு இது உதவாது. ஐஸுக்கு இப்படி ஒரு மாற்று மருந்து உலகத்தில் இன்னும் நிலைபெறவில்லை.

## ஊசி

கபோடெக்ராவிர், ரில்பிவிரின் என்ற எச்.ஐ.வி. மருந்துகள் இரண்டையும் மாத்திரைக்குப் பதில் ஊசியாக மாதம் ஒரு முறை அல்லது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போடுவது. மாத்திரை எடுக்கச் சிரமப்படுகிறவர்களிடம் நடந்த லாட்டிட்யூட் ஆய்வில் ஊசி தினசரி மாத்திரையை வென்றது என்று 2024இல் அறிவித்தார்கள். வீட்டில் குப்பி இல்லை, சத்தம் இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையும் கேட்காது. ஹெபடைட்டிஸ் பி இருந்தால் இது பொருந்தாது, அதை அடக்கும் மருந்து இதில் இல்லை. ஊசி நாளைத் தவறவிட்டால் மருந்து உடம்பில் மெல்ல மெல்லக் குறைந்து, வைரஸ் அந்த மருந்தையே எதிர்த்து நிற்கப் பழகிவிடலாம். இன்றைக்கு நம்பி இருக்கவேண்டிய தெரிவாக இதை நான் வைக்கமாட்டேன். கேட்டு வைப்பதில் தப்பில்லை.

## எதை எடுத்தாலும்

பொலிஸ் பிடிக்கும் நாளுக்குத் தயாராக இருங்கள். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான யுக்திய என்ற பொலிஸ் நடவடிக்கை தொடங்கியபோது எத்தனை வீட்டில் ஒரே இரவில் ஆள் காணாமல் போய் விளக்கமறியலில் இருந்தார் என்பது மாளிகாவத்தை, கிராண்ட்பாஸ் ஆட்களுக்குத் தெரியும். அன்று வீட்டில் அழுதார்கள், சட்டத்தரணி தேடினார்கள். கிளினிக்குக்கு ஒரு போன் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தைப் படம் எடுத்து நம்பிக்கையான ஒருவர் போனில் வைத்திருங்கள். ஆள் உள்ளே போன அன்றே கிளினிக்குக்குச் சொல்லுங்கள், சிறைச்சாலை மருத்துவப் பிரிவுக்கு விஷயத்தைக் கொண்டுபோவது அவர்களால்தான் இலகுவாக முடியும்.

இடையில் சில நாள் தவறினால், அன்றைக்கே மறுபடி தொடங்க வேண்டியதுதான். இரண்டாகப் போட்டு ஈடுகட்ட வேண்டாம். வாரக்கணக்கில் விட்டிருந்தால் நேரே கிளினிக்குக்குப் போங்கள். ஏச்சு விழுந்தால் விழட்டும், அது காதோடு போகும்.

வைரஸ் அளவு இரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்றால், உடலுறவு வழியாக மற்றவருக்குத் தொற்றாது. மனைவியை நினைத்து மாத்திரையை எடுக்கத் தொடங்கியவர்கள் நான் அறிய நிறையப் பேர். "உன் உடம்புக்கு நல்லது" என்று நூறு தரம் சொல்லியும் அசையாதவர்கள் அவர்கள்.

## மட்டக்குளிக்கு என்ன சொன்னேன்

அண்ணா அம்மாவோடு பேசுவதில்லை, அதனால் வீட்டுக் கை இல்லை. கந்தகாடு வேண்டாம் என்றேன். தலங்கமவுக்குப் போக அவருக்கு இன்னும் மனம் வரவில்லை, வரும்போது பார்ப்போம். புறக்கோட்டையில் அவரோடு மூட்டை தூக்கும் ஒருவர், தானும் ஒரு காலத்தில் இழுத்து விட்டவர், விஷயம் தெரிந்தவர். அவர்தான் கூட நடக்கும் ஆள். ஈரல் கருகும் கதையைக் கிளினிக் டொக்டரே பொய் என்று சொல்லவைத்தோம். தங்கச்சி சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டார்.

காலை லொறி வருமுன் இருவரும் ஒரே கடையில் ப்ளேன்டீ குடிப்பார்கள். சாவிக்கொத்தில் தொங்கும் சின்ன டப்பாவில் மூன்று மாத்திரை, குப்பி தங்கச்சியின் அலுமாரியில். டப்பா காலியானால் அண்ணா வீட்டுக்கு வர வேண்டும். அதனால் மூன்று நாளுக்கு ஒரு தரமாவது அவர் முகத்தைப் பார்க்க முடிகிறது என்றாள் தங்கச்சி. போன முறை எண்ணியபோது முப்பதில் நான்கு மிச்சம்.